மூன்று மணிக்கு மேல் ஒரு தூக்கம்

முதலில் வந்தது சத்தம்தான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதில்லை. மருமகள் சொல்லித்தான் தெரியும்.

ஐப்பசி மாதம், அடைமழை. காலையில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வனிதா வந்து, "அத்தை, விடியக்காலம் என்ன கனவு கண்டீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் பால் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"கனவா? ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"இல்ல, ஒரு மாதிரி முனகுனீங்க. அவுங்களும் முழிச்சிக்கிட்டாங்க."

அவுங்க என்றால் என் மகன் பாஸ்கர். அன்றைக்கு அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. காது இரண்டும் சுட்டது. ஏனென்றால் கனவு எனக்கு ஞாபகம் இருந்தது. அது பத்துப் பதினைந்து நாளாகவே வந்துகொண்டிருந்தது.

எனக்கு அறுபத்தேழு வயது. படிப்பு ஐந்தாவது வரை. திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம். பதினாறு வயதில் வயலில் இறங்கியவள், அறுபத்தாறு வரை நடவும் களையும்தான். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன், லோடு வண்டி வைத்திருக்கிறான். பேரன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

இதை எழுதச் சொன்னவர் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. "உங்களை மாதிரி நிறையப் பேர் வர்றாங்கம்மா. தூக்கம் வரலைன்னு சொல்லுவாங்க, தலைவலின்னு சொல்லுவாங்க. இதை மட்டும் சொல்லமாட்டாங்க" என்றார். சொல்லமாட்டார்கள்தான். நானும் சொல்லியிருக்கமாட்டேன். ஊரே பார்த்துவிட்ட பிறகு மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதால் எழுதுகிறேன்.

என்ன கனவு என்று எழுத இப்போதும் கை வரவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கிற கனவு. கொஞ்சம் மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது உங்களுக்குப் புரியாது. அந்த ஆளுக்கு முகம் கிடையாது. கை மட்டும் உண்டு. அந்தக் கைக்கு அவசரமே கிடையாது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, அடித்தது கிடையாது. ஆனால் அவருக்கும் அவசரம், எனக்கும் அவசரம். மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டுமே. எழுந்தால்தான் சோறு வடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, விடிகிறபோது கரையேறிப் போய் வயலில் நிற்க முடியும். நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நிதானமாக ஒரு நாள் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கனவில் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. அதுதான் வித்தியாசம்.

போன வருஷம் குறுவையோடு என் வேலை நின்றது. முழங்காலில் மூட்டுத் தேய்மானம் (இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுவது). சேற்றில் வைத்த காலைத் தூக்க முடியவில்லை. அதே வருஷம் பெரிய பண்ணைக்காரர்கள் எல்லோரும் நடவு மிஷினுக்கு மாறிவிட்டார்கள். முழங்கால் நன்றாக இருந்திருந்தாலும் கூப்பிட ஆள் இல்லை. வீட்டோடு இருந்தேன்.

விழிப்பு மட்டும் மூன்று மணிக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. மணி ஆறு. எனக்குப் பயமாகிவிட்டது. பிள்ளை பெற்றபோதும், காய்ச்சலில் கிடந்தபோதும் தவிர ஆறு மணிக்கு நான் எழுந்ததே இல்லை. மறுநாளும் அப்படியே தூங்கினேன். அதற்கப்புறம் ஒரு வாரம் போயிருக்கும், கனவு ஆரம்பித்தது.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்.

பாஸ்கர் நடந்ததை என்னிடம் கேட்கவில்லை. ஆனால் என்னை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தினான்.

முதலில் எனக்கே புரியவில்லை. காலையில் வண்டி எடுக்கும் முன் என் கையால் ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடிப்பான். "அம்மா, டீ" என்று வாசலில் இருந்தே குரல் கொடுப்பான். அது நின்றது. வனிதாவிடம் கேட்டு வாங்கிக் குடித்தான். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், நான் பக்கத்தில் நின்றாலும், "அதுகிட்ட சொல்லு, ரேஷன் கடை இன்னிக்கு உண்டாம்" என்று வனிதாவிடம் சொல்வான். நான் எதிரே வந்தால் கண் தரைக்குப் போய்விடும்.

நாற்பத்துநான்கு வயது ஆள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல், மாட்டுக்கொட்டகையில் நான் பெற்ற பிள்ளை. எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டும். மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்லை, அவன் என்னை முகம் பார்த்து அம்மா என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன்.

என் பாயை வனிதா கூடத்திலிருந்து எடுத்து, உர மூட்டை அடுக்கியிருக்கிற பின்கட்டு அறையில் போட்டாள். "அங்க காத்து வரும் அத்தை" என்றாள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

கார்த்திகைக் கடைசியில் என்னைப் பக்கத்து ஊர் பூசாரியிடம் அழைத்துப்போனார்கள். நான் முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பூசாரி வேப்பிலையால் தலையில் தட்டினார். வாய்க்காலில் விழுந்து செத்த ஆம்பளை ஒருத்தன் என் மேல் ஆசை வைத்திருக்கிறான் என்றார். அறுபத்தேழு வயதுக்காரி மேல் ஆசை வைக்க அவனுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தேன்.

"இது வர்ற நேரம் எது?" என்று கேட்டார்.

"விடியக்காலம், அஞ்சு மணி வாக்குல" என்று வனிதா சொன்னாள்.

"அப்ப அதுக்கு முன்னாடி முழிச்சிக்கணும். மூணு மணிக்கு எழுந்து தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரத்துணியோட வேப்பமரத்தைச் சுத்தி வரணும். தூங்குனாத்தானே வருவான்?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பாஸ்கர் கேட்டான், குரல் தாழ்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. "சாமி, செத்த ஆளுதானா? உசிரோட இருக்கற ஆளு யாரும்..."

பூசாரி என்னைப் பார்த்தார். "அதை அவுங்கதான் சொல்லணும்."

கற்பூரம் ஏற்றியவன் பாஸ்கர். எங்கள் பக்கம் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். வரப்புத் தகராறில், நகை காணாமல் போனால் செய்வது. மகன் ஏற்றித் தாய் அணைத்ததை நான் கேள்விப்பட்டதில்லை. "என் மனசுல எந்த ஆம்பளையும் இல்ல" என்று சொல்லி அணைத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அவன் அந்தக் கையைத்தான் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு அலாரம். வனிதா செல்போனில் வைத்துத் தலைமாட்டில் வைத்துவிடுவாள். ஈரத்துணியோடு மரத்தைச் சுற்றுவேன். மார்கழி பிறந்துவிட்டதால் தெருவில் எனக்கு நல்ல பெயர். "சரோஜாக்கா எம்புட்டு பக்தி" என்றார்கள். வனிதா, "ஆமாமா" என்றாள்.

கனவு நின்றுவிட்டது. மூன்று மணிக்கு எழுந்த நாளெல்லாம் வரவில்லை. பூசாரி சொன்னது பலித்தது என்று வனிதா ஒரு சேவல் கொடுத்தாள். ஆனால் பாஸ்கர் அம்மா என்று கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன்.

தை, மாசி போனது. உடம்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. மறுபடி படுக்கவிட மாட்டார்கள், படுத்தால் வந்துவிடும் என்று பயம். மூன்று மணிக்கு எழுந்து பழகிய உடம்புதானே, இது ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். வயலுக்குப் போன காலத்தில் எட்டு மணிக்கே சாய்ந்துவிடுவோம். இப்போது டிவி ஓடி, பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்று. நாலு மணி நேரம்கூடத் தூக்கம் இல்லை. பால் பொங்கி வழிவது கண்ணுக்குத் தெரியும், கை போகாது. ரத்தக்கொதிப்பு ஏறியது. உட்கார்ந்த இடத்தில் தலை தொங்கும். தொங்கினால் வனிதா தட்டி எழுப்பிவிடுவாள்.

அஞ்சலையிடம் மட்டும் சொன்னேன். நாற்பது வருஷம் என் பக்கத்தில் நின்று நட்டவள். நடவில் அவள் பேசுகிற பேச்சுக்குக் கரையில் நிற்கிற ஆம்பளைகள் தள்ளிப் போய்விடுவார்கள். அவளே கேட்டு வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன்.

"இதுக்கா இந்தக் கூத்து?" என்றாள். தண்ணீர்த் தொட்டியடியில் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஆளு எப்படி, நல்லா இருக்கானா?"

"மொகமே இல்லடி."

"மொகத்தை வச்சி என்னடி பண்ணப் போற. ஒனக்காவது கனவுல ஆளு வருது. எனக்குக் கனவுலயும் எங்கூட்டு மாடுதான் அவுத்துக்கிட்டு ஓடுது."

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா ஒம் மவன் கற்பூரம் ஏத்துனான் பாரு, அதை நான் மறக்கமாட்டன்" என்றாள். நானும் மறக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னால் எனக்கு அவன் இல்லாமல் போய்விடுவான்.

பங்குனியில் வனிதாவின் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. திருவையாற்றில் ஒரு மண்டபம். போக வேண்டாம் என்று இருந்தேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்று வனிதாதான் கூட்டிக்கொண்டு போனாள்.

பதினோரு மணி இருக்கும். வெயில். கடைசி வரிசைக்கு முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி, மேலே மின்விசிறி. அந்தப் பெண்ணுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எப்போது கண் மூடியது என்று தெரியாது.

கண் மூடியதும் வந்துவிட்டது. விடியற்காலையில் வந்தபோதெல்லாம் மெதுவாக வரும். அன்றைக்குப் பாய்ந்து வந்தது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண் திறந்தால் சுற்றிலும் முகம். வளையல் போட்டுக்கொள்ள வந்த சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் கையில் செல்போன் என்னைப் பார்த்து இருந்தது. முன் வரிசையில் ஒரு பெரியம்மா, எனக்கு அவர் யாரென்று தெரியாது, சத்தமாகவே சொன்னார்.

"கெழவிக்கு ஆசையைப் பாரேன். வளைகாப்பு இவளுக்கா அந்தப் பொண்ணுக்கா?"

மண்டபமே சிரித்தது. வனிதா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். என் முழங்கால் மடங்க மறுத்தது. "நடங்க அத்தை, நடங்க" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பிறந்த வீட்டு மனிதர்கள் முன்னால் நடந்தது அது.

பாஸ்கர் வண்டியை எடுத்தான். முன்னால் அவனும் வனிதாவும். எனக்கு இடம் இருந்தது, ஆனால் என்னைப் பின்பக்கம் ஏறச் சொன்னான். வாயால் சொல்லவில்லை, பின்கதவைத் திறந்துவிட்டான். மண்டபத்தில் மீந்த வாழை இலைக் கட்டோடு உட்கார்ந்து வந்தேன். ஆற்றுப் பாலத்தில் வரும்போது காவிரியில் தண்ணீர் இல்லை, மணல் கண்ணைக் கூசியது. இந்த உயரத்திலிருந்து விழுந்தால் சாவேனா, காலை மட்டும் உடைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேவலப்படுவேனா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனான். மனநல மருத்துவர் (மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர்). நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் நாற்காலி. அவன் என்னைவிட்டு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். நடுவில் இருந்த நாற்காலிகளில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் வந்து, "இந்த அம்மாகூட யாரு வந்திருக்கா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எழுந்தான்.

டாக்டரம்மாவுக்கு என் மகன் வயதைவிடக் குறைவாக இருக்கும். அவனை வெளியே இருக்கச் சொன்னார். கனவைப் பற்றிக் கேட்பார், எப்படிச் சொல்வது என்று முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்கம்மா?" என்று கேட்டார்.

"இப்பவா?"

"இப்ப, அதுக்கு முன்னாடி, கல்யாணம் ஆன புதுசுல. எல்லாம் சொல்லுங்க."

என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நடவுக் காலம், களைக் காலம், அறுப்புக் காலம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். முழங்கால் விட்டது, ஆறு மணிவரை தூங்கியது, கனவு, பூசாரி, அலாரம், மண்டபம் எல்லாம் தானாக வந்தது. கடைசியில்தான் அழுதேன்.

ஒரு ராத்திரி அங்கேயே தங்கவைத்துத் தூக்கப் பரிசோதனை செய்தார்கள் (தலையிலும் கன்னத்திலும் கால்களிலும் ஒயர் ஒட்டி, தூங்குவதை எந்திரத்தில் பதிவு செய்வது). அலாரம் வைக்கவில்லை. எழுப்பவும் இல்லை. மறுநாள் காலை டாக்டரம்மா ஒரு தாளைக் காட்டினார். படிக்கட்டு மாதிரிக் கோடு இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போயிருந்தது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுற்றுச் சுற்றாக வருகிறது. ஒவ்வொரு சுற்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். சுற்றின் கடைசியில் கனவுத் தூக்கம் வரும் (மூடிய இமைக்குள் கண்மணி ஓடிக்கொண்டிருக்கும், கை கால் கட்டிப்போட்ட மாதிரி அசையாது, சில பேருக்குச் சத்தம் மட்டும் வெளியே வரும்). முன்ராத்திரியில் அது கொஞ்ச நேரம்தான். விடியல் நெருங்க நெருங்க அது நீளும். விடியற்காலைச் சுற்றில் ரொம்ப நீளம்.

அந்தக் கனவுத் தூக்கம் வரும்போதெல்லாம் உடம்பின் அந்த இடங்களுக்கு ரத்தம் கூடுதலாக ஓடுகிறது. ஆம்பளைக்கும் உண்டு, பொம்பளைக்கும் உண்டு. கனவில் மாடு வந்தாலும் ஓடும், செத்துப்போன அம்மா வந்தாலும் ஓடும். மனசில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று அந்த ரத்தம் பார்ப்பதில்லை. சில சமயம் உடம்பில் நடப்பதைக் கனவு தனக்குத் தெரிந்த மாதிரி கதையாக்கிக்கொள்ளும்.

"நீங்க ஐம்பது வருஷமா மூணு மணிக்கு எழுந்திருக்கீங்க. சீக்கிரமே படுத்தாலும் கனவுத் தூக்கம் கூடுறது விடியக்கால நேரத்துலதான், அதுக்குப் பெரும்பாலும் முன்னாடியே எழுந்துட்டீங்க. கால் வலிச்ச பிறகுதான் அதை முழுசாத் தூங்கியிருக்கீங்க" என்றார்.

"அப்ப அந்த மண்டபத்துல?"

"கனவுத் தூக்கத்தை அடைச்சு வச்சா உடம்பு சும்மா இருக்காதும்மா. தேங்கிக்கிட்டே இருக்கும். கொஞ்சம் கண் அசந்தாலும் முதல்ல அதுதான் வரும், வேகமா வரும்."

எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. மடையை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடுகிறதா? கரையில் பலவீனமான இடம் எதுவோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். மார்கழியிலிருந்து பங்குனிவரை ஈரத்துணியோடு மரத்தைச் சுற்றி நான் மடையை அடைத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் உடைத்துக்கொண்டது. வைத்தியம் என்று நினைத்துச் செய்ததுதான் என்னைச் சந்தியில் நிறுத்தியது.

"இதுக்கு என்ன நோய்ன்னு பேரு டாக்டர்?" என்று கேட்டேன்.

"நோய் இல்லம்மா. உங்களுக்குத் தூக்கம் பத்தலை, அவ்வளவுதான். நல்லாத் தூங்குங்க. கனவு வரும், போகும்."

பாஸ்கரை உள்ளே கூப்பிட்டு அதையே அவனுக்கும் சொன்னார். தாளைக் காட்டினார். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "உங்களுக்கும் தூக்கத்துல இதே ரத்த ஓட்டம் உண்டு சார், எனக்கும் உண்டு" என்று டாக்டரம்மா சொன்னபோது அவன் காது சிவந்தது. பிள்ளையும் என்னை மாதிரிதான், வெட்கம் காதில் வரும்.

கடைசியில், "மாத்திரை?" என்று கேட்டான்.

"அதுக்கு மாத்திரை வேண்டாம்."

"ஒண்ணுமே இல்லாம எப்படி டாக்டர்?"

அவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். "எலும்பு பலவீனமா இருக்கு. கால்சியம் (எலும்புக்கான சத்து) எழுதறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. மூணு மாசம் போதும். இது எலும்புக்குத்தான் சார்."

இது எலும்புக்குத்தான் என்று அவன் முகத்தைப் பார்த்து, தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்கர் மருந்துப் பையை வனிதாவிடம் கொடுத்தான். "நரம்புல கோளாறாம். அதனாலதான் அந்த மாதிரி வருதாம். இந்த மாத்திரையைப் போட்டா நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றான்.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அப்போது அவன் திரும்பினான். ஐந்து மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்தான். "அம்மா, சாப்பிட்டுட்டு மறக்காம போட்டுக்க" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கே வனிதா பாயைக் கூடத்துக்கு எடுத்து வந்தாள். அவள் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு, "அத்தைக்கு நரம்பு வியாதியாம், பாவம், நாமதான் தெரியாம இருந்துட்டோம்" என்று நீளமாகப் பேசினாள். அங்கிருந்து ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். மண்டபத்தில் சிரித்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக் கொட்டினார்கள். நோயாளி ஆனதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. நல்ல உடம்போடு இருந்தபோது அது கிடைக்கவில்லை.

அஞ்சலை மட்டும் மாத்திரை அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "இதைத்தான எம் மவ புள்ளத்தாச்சியா இருந்தப்ப தின்னா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எதற்கும் அடங்காத வாய் அது.

இதே தொந்தரவோடு இருக்கிற, என் வயதுப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பாதித் தூக்கத்தில் எழுப்பினால் கனவு அழியாமல் ஞாபகத்தில் நின்றுவிடும், தூங்கவிட்டால் முக்கால்வாசி மறந்துபோகும். தூக்கத்தைக் குறைத்தால் கனவு பின்னால் கூடத்தான் செய்யும். யாராவது கற்பூரம் ஏற்றினால் கையை நீட்டாதீர்கள். நான் நீட்டினேன், அதனால் சொல்கிறேன். வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுத ஆசைதான். எனக்கே அந்தத் தைரியம் வரவில்லை.

இப்போது ஆறு மணிவரை தூங்குகிறேன். தலைப்பாரம் இறங்கிவிட்டது, ரத்தக்கொதிப்பும் குறைந்துவிட்டது. கனவு அடிக்கடி வருவதில்லை. மாதத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ வரும். சத்தம் வருகிறதா என்று தெரியாது. வந்தாலும் யாரும் கேட்ட மாதிரி காட்டிக்கொள்வதில்லை, மாத்திரை வேலை செய்கிறது என்று நம்புகிற வீட்டில் அது யார் காதிலும் விழாது போலிருக்கிறது.

விழித்த பிறகு கொஞ்ச நேரம் எழாமல் படுத்திருப்பேன். என் உடம்பை இத்தனை வருஷம் முதுகு, இடுப்பு, முழங்கால் என்று வலிக்கிற இடமாகத்தான் தெரியும். வலிக்காத இடங்களும் அதில் இருந்திருக்கின்றன. என்னைக் கேட்காமல், நான் சேற்றில் குனிந்துகொண்டிருந்த நாளெல்லாம், அது தன்பாட்டுக்கு ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறது. மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், ஐம்பது வருஷம். அதைக் கூட்டிப்பார்க்க எனக்குக் கணக்கு வராது, வந்தாலும் பார்க்கமாட்டேன். அந்த நேரத்தில் நான் நட்ட பயிரை எல்லோரும் சாப்பிட்டாயிற்று.

மூன்று மாதம் போதும் என்று டாக்டரம்மா சொன்ன மாத்திரை இப்போது எட்டாவது மாதம் ஓடுகிறது. அட்டை தீரும் முன் பாஸ்கரே வாங்கி வந்துவிடுகிறான். சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பான். சுண்ணாம்புக் கட்டி மாதிரிப் பெரிய மாத்திரை, தொண்டையில் உரசிக்கொண்டு இறங்கும். நான் விழுங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

"போட்டுட்டியாம்மா?"

"போட்டுட்டன் தம்பி."

"அது ஒண்ணும் வரலைல்ல?"

"வரலை."

செம்பை வாங்கிக்கொண்டு போவான். இதை நிறுத்தினால் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று எனக்குத் தெரியாது.